மானைப் பார்த்துப் போ

"விண்ணப்பதாரர், தம் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கு நேரக்கூடிய ஆபத்தை அறிந்தும் பொருட்படுத்தாது, அக்குழந்தையை விட்டு அகன்றவர். குழந்தைகள் பராமரிக்கப்படும் எந்த இடத்திலும் பணிபுரியவோ வசிக்கவோ தகுதியற்றவர்."

ஆர்லிஸ் மஸ்ஸாரைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்திருப்பது இது. 'தகுதியற்றவர்' என்பதில் இரண்டு கருத்து இருக்கலாம். எங்கள் ஊரான செயின்ட் ஓடிலில் கால்பந்து அணியைத் தவிர எல்லாவற்றிலும் இரண்டு கருத்து உண்டு. ஆனால் 'விட்டு அகன்றவர்' என்ற இடத்துக்கு வந்தபோது மதுக்கடைக்காரர் நார்ப் சிரித்துவிட்டார்.

"ஆர்லிஸா? அவ என் கடைய விட்டு அகலணும்னா நான் விளக்க அணைச்சாத்தான் உண்டு."

எங்கள் பக்கத்தில் விடைபெறுவது ஒரு நொடியில் தீர்கிற காரியமில்லை. மழைக்காலம், பனிக்காலம் போல அதுவும் ஒரு பருவம். முதலில், உட்கார்ந்திருப்பவர் இரண்டு தொடைகளிலும் தட்டி, "சரி, அப்ப..." என்பார். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கொஞ்சம் கழித்து எழுந்து நின்று, அதுவரை நினைவுக்கு வராத முக்கியமான செய்தி ஒன்றைச் சொல்வார். பெரும்பாலும் யாருக்காவது நடந்த அறுவை சிகிச்சை. பிறகு சமையலறை வாசல். அங்கே மிச்சச் சாப்பாடு காலி ஐஸ்கிரீம் வாளியில் அடைக்கப்பட்டு, மறுக்கப்பட்டு, மறுபடி நீட்டப்பட்டு, வாங்கிக்கொள்ளப்படும். அப்புறம் முன்கதவு, படி, வண்டியின் இறக்கிய கண்ணாடி. கடைசியில் வீட்டுக்காரர் வண்டிக் கூரையைத் தட்டி, "மானைப் பாத்துப் போ" என்பார். சாலையில் மான் குறுக்கே பாயும், கவனம் என்று பொருள். அதைச் சொன்ன பிறகுதான் வந்தவர் போனதாகக் கொள்வது. அதற்கு முன்னால் போகிறவன் கோபித்துக்கொண்டு போகிறான். அதற்கு முன்னால் போகச் சொல்கிறவள் மனுஷியே இல்லை.

ஆர்லிஸ் இந்தக் கலையில் ஊருக்கே முதல். மன்னிப்புக் கேட்பதில் அதற்கும் மேலே. நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பாள். பல் மருத்துவர் அவளுக்கு வலிக்கும்படி குத்திவிட்டால், அவருக்குச் சங்கடம் கொடுத்ததற்காக வாயில் பஞ்சோடு வருந்துவாள்.

அப்படிப்பட்டவளை, அறுபது கடந்த வயதில், 'நீ திருந்திவிட்டாயா?' என்று விசாரிக்கும் மறுசீராய்வுக் குழுவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது மகள் கெல்சியின் ஆசை. ஊரில் இருந்த ஒரே குழந்தைகள் காப்பகம் மூடப்பட்டுவிட்டது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளையைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு கிரீன் பே நகரம் வரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கெல்சி அதற்கான படிப்பு முடித்தவள். தன் வீட்டிலேயே காப்பகம் தொடங்க அனுமதி கேட்டாள். ஒரு காலத்தில் ஆர்லிஸ் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அதே வீடு. அம்மாவும் மகளும் அதில்தான் இருக்கிறார்கள்.

சிக்கல் அந்த 'வசிக்கவோ'வில் இருந்தது. தடை விதிக்கப்பட்டவர் குழந்தைகளைத் தொட வேண்டியதில்லை. மாடியில் படுத்துத் தூங்கினாலே ஆகாது. ஆகவே, ஒன்று ஆர்லிஸ் திருந்தியவள் என்று குழு ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அவள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்பினால் போக்கிடம், தானியக் கொட்டகைக்குப் பின்னால் நிற்கும், உள்ளே படுக்கை வைத்த பழைய கேம்பர் வண்டி. கோடையில் மீன்பிடிக்கப் போவதற்காக அவள் கணவர் வாங்கியது. பனிக்காலத்தில் அதற்குள் வெங்காயம்கூடக் கல்லாகிவிடும்.

"உன்னைக் கேம்பர்ல படுக்க வச்சிட்டு, ஊர்ப் பிள்ளைங்களுக்கு நான் கதகதப்பாப் போத்தி விடணுமாம்மா?" என்றாள் கெல்சி.

"அதுல ஹீட்டர் இருக்குடி."

"அது அப்பா இருக்கும்போதே செத்துப்போச்சு."

"சாரி."

"எதுக்கு சாரி?"

"ஹீட்டருக்கு."

நடந்த சம்பவத்தை ஊர் அறியும், அரசாங்கமும் அறியும். இரண்டும் ஒரே கதையைத்தான் அறிந்திருந்தன. பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பிப்ரவரி மாலை. வீட்டுக்குப் பின்னால் விரிகுடா கெட்டியாக உறைந்து, அதன்மேல் ஆண்கள் மீன்பிடிக் கொட்டகைகளைப் போட்டு, பனிக்கட்டியில் துளையிட்டு உட்கார்ந்திருந்த காலம். காப்பகத்தில் மற்றப் பிள்ளைகள் போய்விட, மேரன் டெல்விச் என்ற மூன்று வயதுப் பெண் மட்டும் இருந்தாள். தொப்பி, கையுறை, பனி உடுப்பு எல்லாம் போட்டாகிவிட்டது. பூட்ஸ் மட்டும் பாக்கி. எங்கள் வீடுகளில் பூட்ஸ் முன்கதவுப் பாயில்தான் இருக்கும். கம்பளம் ஈரமாகக் கூடாதென்று கடைசியில்தான் மாட்டுவோம். பிள்ளைக்கு உடுப்புக்குள் வேர்த்திருக்கும், சலித்திருக்கும். பின்கதவைத் திறந்துகொண்டு வெறும் காலுறையோடு, தூரத்தில் தெரிந்த கொட்டகை விளக்குகளைப் பார்த்து விரிகுடாவின்மேல் நடந்துவிட்டாள். தன் கொட்டகையில் இருந்த நார்ப்தான் அவளைக் கண்டார். தன் மேல்கோட்டுக்குள் போட்டு இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார். உயிர் பிழைத்தது. இடது காலில் இரண்டு விரல்களை மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள்.

காவலர் வந்து கேட்டபோது ஆர்லிஸ் அவர் கேள்வியை முடிக்க விடவில்லை. "என் தப்பு, என் தப்புதான், மன்னிச்சிடுங்க" என்றாள். நீதிமன்றத்திலும் எதிர்த்து வாதாடவில்லை. நீதிபதியின் நேரத்தை வீணாக்குவது மரியாதையில்லை என்று நினைத்திருப்பாள். தண்டனை லேசானது, தடை கெட்டியானது. அதன்பின் பாலாடைக்கட்டி ஆலையில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போனாள். முழங்கால் ஒத்துக்கொண்டவரை போனாள்.

மேரன் இன்று வாலிபால் ஆடுகிறாள். தோழிகளைவிட ஒரு சாண் உயரமாகவே குதிக்கிறாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் மாதா கோவில் கூடத்தில் பொரித்த மீன் பரிமாறுகிறாள். ஆர்லிஸ் கூடத்துக்குள் போவதில்லை. பின்பக்க ஜன்னலில் பொட்டலமாக வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். எப்போதாவது நேருக்கு நேர் பார்த்துவிட்டால், முகத்துக்குப் போக வேண்டிய கண் அவள் காலணிக்குப் போய்விடும்.

மேரனின் அப்பா டுவேன் டெல்விச் பால் லாரி ஓட்டுகிறவன். அந்தச் சம்பவத்துக்கு முன்னால் அவனும் ஊரில் எல்லாரையும் போல வாசலில் நின்று கதைத்தவன்தான். பிறகு மாறிப்போனான். எந்த வீட்டுக்குப் போனாலும் வேலை முடிந்ததும், "வர்றேன்" என்று ஒரே சொல். தொடை தட்டல் கிடையாது, சாப்பாட்டு வாளி கிடையாது. திரும்பிப் பார்த்தால் வண்டியின் பின்விளக்குத்தான் தெரியும். பிள்ளையின் கால் அவனை இப்படி ஆக்கிவிட்டது, பாவம், என்று ஊர் அவனுடைய முரட்டுத்தனத்தை மன்னித்தது.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும், ஆர்லிஸ் திரை விலக்குவதற்குள், அவள் வீட்டு வழியில் கிடந்த பனி சுத்தமாகத் தள்ளப்பட்டிருக்கும். பிக்கப் வண்டியின் முன்னால் தகடு பொருத்தி டுவேன் தள்ளிவிட்டுப் போவான். கதவைத் தட்ட மாட்டான். ஆர்லிஸ் ஐஸ்கிரீம் வாளியில் பேரீச்சம்பழ வில்லைகள் போட்டுத் தபால் பெட்டிமேல் வைப்பாள். வாளி கழுவித் திரும்பி வரும். 'மகளை ஊனமாக்கியவளுக்கே வழி தள்ளிக்கொடுக்கிறானே, இவனல்லவா கிறிஸ்தவன்' என்று பேசிக்கொண்டார்கள். இருவரும் அந்த மாலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மறுசீராய்வுக்கு நற்சான்றுகள் வேண்டும். நார்ப் ஒன்று எழுதித் தருவதாகச் சொன்னார். மதியம், கடையில் கூட்டமில்லாத நேரம். ஆர்லிஸுக்கு முன்னால் பிராந்தி கலந்த பானம் ஒன்றை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு டுவேனோட வண்டி உன் வாசல்ல ரொம்ப நேரமா உறுமிக்கிட்டு நின்னுச்சு. என் கொட்டகையிலருந்தே புகை தெரிஞ்சுது. பிள்ளை என் கையில வர்றதுக்கு எவ்வளவோ முன்னால. அவன் போலீஸ்கிட்ட 'இப்பத்தான் வந்தேன்'னான். எழுதட்டுமா?"

"வேணாம் நார்ப்."

"ஏன் வேணாம்? உனக்குச் சாதகம்டி கழுதை."

"மேரன் காதுக்குப் போகும்."

"அப்ப கேம்பர்ல போய் விறைச்சுச் சாவு."

"சாரி நார்ப்."

"என்கிட்ட ஏன் சாரி கேக்குற? குடி."

சட்ட உதவி மையத்துப் பெண் ஒருத்தி தொலைபேசியில் கெல்சிக்குப் பாடம் நடத்தினாள். "உங்கம்மா பொறுப்ப முழுசா ஏத்துக்கணும். யார் மேலயும் பழி போடக் கூடாது. பழி போட்டா திருந்தலன்னு எழுதிடுவாங்க. அழலாம், ஆனா அளவா." ஆக, நடந்ததைச் சொன்னால் ஆர்லிஸ் திருந்தாதவள், நடக்காததை ஒப்புக்கொண்டால் திருந்தியவள். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் நேர்மையானவர்கள் தேறுவது கடினம் என்று தோன்றலாம். ஆர்லிஸுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. எழுதியிருப்பதைவிடப் பெரிய குற்றவாளியாகத்தான் அவள் தன்னை வைத்துக்கொண்டிருந்தாள்.

குழு கூடும் வாரத்தில் டுவேனின் பிக்கப் அவள் வீட்டெதிரே வந்து நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது.

"நான் வந்து உனக்காக ஒரு வார்த்தை சொல்றேன்."

"உனக்கு எதுக்கு டுவேன் சிரமம்? லாரிய விட்டுட்டு..."

"வர்றேன்."

எந்த 'வர்றேன்' என்று புரிவதற்குள் வண்டி போய்விட்டது.

மாவட்டக் கட்டிடத்தில் சின்ன அறை, நீளமான மேசை. தலைமை தாங்கியவர் திருமதி பிரிபில். இரு பக்கமும் ஒவ்வொருவர். ஆர்லிஸ் ஒரு தட்டு நிறைய எலுமிச்சை இனிப்பு வில்லைகள் செய்து கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"நாங்க இத வாங்கிக்கக் கூடாதுங்க" என்றார் திருமதி பிரிபில்.

"ஒண்ணே ஒண்ணு..."

"அம்மா!" என்றாள் கெல்சி.

"சாரி. அங்க சும்மா இருக்கட்டும்."

தட்டு அங்கேயே இருந்தது. விசாரணை முழுதும் குழுவில் இருந்த இளைஞன் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான்.

முதலில் டுவேன் எழுந்தான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, மனப்பாடம் செய்ததைச் சொன்னான். "நான் அந்தக் குழந்தையோட அப்பா. நாங்க இவங்கள மன்னிச்சாச்சு. இவங்க நல்லவங்க. என் பிள்ளையா இருந்தா இப்பவும் இவங்ககிட்ட விடுவேன்."

கெல்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆர்லிஸ், "நன்றி டுவேன்" என்றாள். பாதிக்கப்பட்ட தகப்பனே வந்து மன்னிப்பது இந்த மாதிரி அறைகளில் அடிக்கடி நடப்பதில்லை. திருமதி பிரிபில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"அதே சாயங்காலம் திரும்பி வந்தா, இந்தத் தடவை என்ன செய்வீங்க, திருமதி மஸ்ஸார்?"

இதற்குப் பதில் கெல்சி சொல்லிக்கொடுத்திருந்தாள்: குழந்தைமேல் எப்போதும் கண் வைத்திருப்பேன், பின்கதவுக்கு மேல்தாழ் போடுவேன். ஆனால் ஆர்லிஸ் கேள்வியை நம்பிவிட்டாள். அந்த மாலை உண்மையாகவே திரும்பி வந்ததுபோல யோசித்தாள்.

"'வீட்டுக்குப் போ டுவேன்'னு சொல்லுவேன்" என்றாள்.

இளைஞன் முதல் முறையாகத் தட்டை மறந்தான்.

"எந்த டுவேன்?" என்று கேட்டார் திருமதி பிரிபில்.

ஆர்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ. சாரி டுவேன். சாரி."

டுவேன் இன்னும் உட்காரவில்லை. தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"நான்தான்" என்றான். "நான் முன்னாலயே வந்துட்டேன். வந்து ரொம்ப நேரம் ஆச்சு. இவங்க பிள்ளைக்கு உடுப்பெல்லாம் போட்டு நிறுத்தினாங்க. நான் வாசல்ல நின்னு பேசிக்கிட்டே இருந்தேன். கிளம்பறேன், கிளம்பறேன்னு பேசிக்கிட்டே இருந்தேன்."

"அறிக்கையில நீங்க அப்பத்தான் வந்ததா இருக்கே?"

"போலீஸ்காரர் எப்ப வந்தீங்கன்னு கேட்டார். 'இப்பத்தான்'னேன். யார் வீட்டு வாசல்ல நின்னாலும் அதத்தானே சொல்லுவோம்? ரெண்டு மணி நேரம் நின்னாலும் அதத்தான் சொல்லுவோம். அவர் எழுதிக்கிட்டார். எழுத்துல ஏறினதுக்கப்புறம் எனக்கு இறக்கத் தெரியல."

"அவ்வளவு நேரம் எதப் பத்திப் பேசினீங்க?" என்று கேட்டான் இளைஞன்.

டுவேன் தரையைப் பார்த்தான். "புதுசா பனி தள்ற எந்திரம் ஒண்ணு வாங்கியிருந்தேன். அதோட பெல்ட்டப் பத்தி." பிறகு நிமிர்ந்து, "முன்னால மன்னிச்சிட்டேன்னு சொன்னேனே, அத எழுதிட்டீங்களா? அடிச்சிடுங்க. அதச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல" என்றான்.

அறையில் காற்றுத் திசை மாறிவிட்டது. இளைஞன் திருமதி பிரிபிலிடம் சாய்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படியான ரகசியக் குரலில் சொன்னான்: "அப்பா வந்தாச்சு, உடுப்புப் போட்டு முன்னால நிறுத்தியாச்சு. அப்ப பிள்ளைய ஒப்படைச்ச மாதிரிதானே மேடம்? இவங்க விட்டுட்டுப் போகவே இல்லையே." திருமதி பிரிபில் தலையசைத்தார். கெல்சி மேசைக்கடியில் அம்மாவின் கையைப் பிடித்தாள். கேம்பர் வண்டி கண்ணெதிரே தானாகவே உருண்டு தொலைவதுபோல இருந்தது.

"இன்னும் எதாவது சொல்லணுமா, திருமதி மஸ்ஸார்? கட்டாயம் இல்ல" என்றார் திருமதி பிரிபில். வேண்டாம் என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிற குரல் அது. கெல்சி அம்மாவின் கையை அழுத்தினாள்.

ஆர்லிஸ் டுவேனைப் பார்த்தாள். முழுப் பழியையும் தனியாகத் தூக்கிக்கொண்டு, தொப்பியைச் சுற்றிக்கொண்டு நின்றான். பதினான்கு வருஷம் அவள் வீட்டு வழியைத் தள்ளியவன்.

"ஒண்ணு இருக்கு" என்று சொல்லி, யாரும் கேட்காத ஒன்றைச் சுருக்கமாகச் சொன்னாள். அழவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக, இடையில் ஒரு 'சாரி' இல்லாமல் பேசினாள். கெல்சி கண்ணை மூடிக்கொண்டாள். டுவேன் தொப்பி சுற்றுவதை நிறுத்தினான். திருமதி பிரிபில் வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தார்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் பனி தூவத் தொடங்கியிருந்தது. டுவேன் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தான். ஆனால் கிளம்பவில்லை. கண்ணாடியை முழுதாக இறக்கினான்.

"நீயும் இத்தன வருஷமா இத வச்சுக்கிட்டா இருந்த, ஆர்லிஸ்?"

"ம்."

"நான் இன்னைக்கே மேரன்கிட்ட சொல்லிடறேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான்... நீ என்ன நினைக்கற? சாப்பாட்டுக்கு முன்னாலயா, அப்புறமாவா? அவளுக்கு நாளைக்கு ஆட்டம் வேற இருக்கு..."

விடைபெறும் பருவம் தொடங்கப் பார்த்தது. ஆர்லிஸ் வண்டிக் கூரையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"மானைப் பாத்துப் போ, டுவேன்."

பேச்சின் நடுவில் இப்படிச் சொல்வது எங்கள் வழக்கப்படி கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். டுவேன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். ஆர்லிஸ் அன்று மாலை முழுதும் அதற்காக வருந்திக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போலப் பின்பக்க ஜன்னலுக்குப் போனாள். ஜன்னலில் மேரன் நின்றிருந்தாள்.

"அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டார்" என்றாள் மேரன். "ரெண்டு பேரும் அந்த எந்திரத்தப் பத்தியா பேசிக்கிட்டிருந்தீங்க?"

"ஆமாம்மா."

"அது ஒரு ஓட்டை எந்திரம். எங்க வீட்ல இன்னும் கிடக்கு. ஒரு நாள் கூட ஒழுங்கா வேலை செஞ்சதில்ல."

"மேரன், நான்..."

"அதையும் சொன்னார். நீங்க சொன்னதையும்." மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பொட்டலத்தைக் கட்டினாள். "எலுமிச்சை வைக்கட்டுமா?"

"வைம்மா."

"அடுத்த தடவை முன்வாசல் வழியா வாங்க. இந்த ஜன்னலத் திறந்தா சமையலறை முழுக்கக் குளிர் அடிக்குது."

முடிவு சில வாரங்களில் தபாலில் வந்தது. ஆர்லிஸ் மஸ்ஸார் திருந்தியவராகக் கருதப்படுகிறார். காப்பகம் நடக்கும் வீட்டில் வசிக்கலாம். காப்பகம் வசந்தத்தில் திறந்தது. பின்கதவுக்குக் கெல்சி ஒரு மணி கட்டியிருக்கிறாள். அது அடிக்கும்போதெல்லாம் மாடியில் எந்த வேலையில் இருந்தாலும், யார் பேசிக்கொண்டிருந்தாலும், ஆர்லிஸ் படியிறங்கி வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். எலுமிச்சை வில்லைத் தட்டைக் கெல்சி அன்றே திருப்பி எடுத்து வந்திருந்தாள். அதில் ஒரு வில்லை குறைந்திருந்தது.

பழைய ஆவணம் அழிக்கப்படவில்லை. அப்படி ஒரு வழக்கம் இல்லை. 'விட்டு அகன்றவர்' என்பது இன்னும் அதில் இருக்கிறது. அதனோடு புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: "விண்ணப்பதாரர், எவரும் வினவாமலேயே, பதிவில் இல்லாத ஒரு விவரத்தைத் தமக்கு எதிராகத் தாமே தெரிவித்தார்." என்ன விவரம் என்று அதில் எழுதவில்லை.

விவரம் இதுதான். டுவேன் வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது, பின்கதவு சாத்தும் ஓசை ஆர்லிஸுக்குக் கேட்டது. அவன் பேச்சு பாதியில் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.